கொடைக்கானலுக்கு ஏன் இ-பாஸ்?



"கொடைக்கானல் போக இ-பாஸ் எதற்கு சார்?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். பதில் அந்த ஊரின் வரலாற்றில் இருக்கிறது.

இன்றைய கொடைக்கானல் நகரம் உடல்நலத்துக்காக உருவானது. 1840-களில் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி குடும்பங்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரைப் பறிகொடுத்தன. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897-இல்தான். அதுவரை கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார்கள். நல்ல காற்றைத் தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையில் ஏறி 1845-இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். பளியர்களும் பூம்பாறை, வில்பட்டி விவசாயிகளும் அதற்கு முன்பிருந்தே அம்மலையில் வாழ்பவர்கள். ஏரி 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கியது.

அன்று மலையேறுவது எளிதல்ல. ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோட்டில், இறங்கி மாட்டு வண்டியில் அடிவாரம் போக வேண்டும். அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ ஏற வேண்டும். அந்தக் கடினமான பாதையே கூட்டத்தைத் தடுத்த வாசற்கதவு.

1910-களில் மேஜர் லா பெயரால் வழங்கும் மலைச்சாலை வந்ததும் அந்தக் கதவு திறந்தது. சாமானியரும் குளிர்காற்றை அனுபவிக்க முடிந்தது நல்லதுதான். ஆனால் சாலை நீண்ட அளவுக்கு மலை பெரிதாகவில்லை. தண்ணீரும் இடமும் அதேதான். வரிசையாக நிற்கும் கார்களின் புகையில், நல்ல காற்றுக்காக வந்தவருக்கு என்ன கிடைக்கும்? உள்ளூர் நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் எப்படி இறங்கும்?

இதனால்தான் சென்னை உயர் நீதிமன்றம் 7.5.2024 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவரச் செய்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்குச் சாதாரண நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் விதித்தது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

ஒருகாலத்தில் பாதை செய்த வேலையை இன்று சட்டம் செய்கிறது. அந்த வரம்பில் அரசுப் பேருந்து சேராது. எனவே முடிந்தவர்கள் வார நாளில், பேருந்தில் போய் வாருங்கள். மலைக்கும் நல்லது, உங்கள் உடம்புக்கும் நல்லது.

நலமுடன் வாழ்க.