ஏடும் கணக்கும்: கணினித் தரவுக் காவலின் வரலாறு

வணிகர்களாகிய எங்களுக்குக் கணக்கில் இரண்டு சோதனைகள் உண்டு. எழுதியது அழியாமல் இருக்கிறதா என்பது ஒன்று. பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்பது மற்றொன்று. புத்தம்புது ஏட்டிலும் ஐந்தொகை இடிக்கும். ஐந்தொகை நேரான ஏட்டையும் கரையான் தின்னும். கணினியிலும் இவ்விரண்டு காவல்களும் தனித்தனியாகவே வளர்ந்தன.

எழுத்தைக் காக்கும் வழிக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹாமிங் 1950இல் வெளியிட்ட கட்டுரை ஒரு மைல்கல். தரவோடு கூடுதலாகச் சில குறிகளைச் சேர்த்தால் பிழையைக் கண்டுபிடிக்கலாம், திருத்தவும் செய்யலாம் என்று காட்டினார். இந்த வழியில் வந்ததே 'செக்சம்'. பக்கத்தின் அடியில் நாம் கூட்டுத்தொகை போடுகிறோமே, அது மாதிரிதான். படிக்கும்போது மறுபடி கூட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தரவுத்தளத்தார் கணக்கின் நேர்மையைப் பிடித்துக்கொண்டனர். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் தரவை அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டைத் தந்தார். பட்டியலில் இல்லாத வாடிக்கையாளர் பேரில் விலைச்சீட்டு போட முடியாது என்பது போன்ற விதிகள் அதிலிருந்து வளர்ந்தன. ஒருவர் கணக்கில் பற்று எழுதினால் மற்றவர் கணக்கில் வரவும் விழ வேண்டும். இல்லையேல் இரண்டுமே கூடாது. ஜிம் கிரே வளர்த்த இந்தப் பரிவர்த்தனைக் கோட்பாட்டின் பண்புகளுக்கு 1983இல் ஹார்டர், ராய்ட்டர் இருவரும் 'ஆசிட்' என்று பெயரிட்டனர்.

கோப்பு முறைமைகளோ நெடுங்காலம் வட்டை நம்பியே இருந்தன. மின்சாரம் போய் வந்தபின் யூனிக்ஸில் ஓடும் சோதனை, பொருளடக்கத்தைத்தான் சரிபார்க்கும். பக்கத்துக்குள் இருப்பதைப் படிக்காது. 2007இல் ஐரோப்பிய ஆய்வகமான செர்ன் தன் சேமிப்புக் கருவிகளைச் சோதித்தபோது, எந்த எச்சரிக்கையும் வராமலே மாறிப்போன தரவுகள் அகப்பட்டன.

அதற்கு முன்பே, 2005இல் சன் நிறுவனம் இசட்எஃப்எஸ் முறைமையை வெளியிட்டிருந்தது. அதில் ஒவ்வொரு துண்டின் செக்சமும் அதனுடனேயே இருக்காது. அதைச் சுட்டும் மேல்துண்டில் இருக்கும். அதாவது அடிக்கூட்டை வேறொரு ஏட்டில் எழுதி வைப்பது! இன்னொரு நல்ல பிரதி இருந்தால் தானே திருத்தியும் கொள்ளும். தரவுத்தளங்களும் இந்தப் பாடத்தை ஏற்றன. போஸ்ட்கிரெஸ் 2013இல் செக்சத்தை விருப்பத் தேர்வாகத் தந்தது. 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் அதுவே இயல்பு அமைப்பாயிற்று.

ஆனாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. நூறு ரூபாயை ஆயிரம் என்று தட்டினால், கோப்பு முறைமை அந்தத் தவறைத்தான் பத்திரமாகக் காக்கும். பெயரில் ஓர் எழுத்து வட்டில் சிதைந்தால், விதிகள் பெரும்பாலும் அதை அறியா.

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் பாட்டன் படத்தையும் பத்திரத்தையும் இப்போது கணினியில்தானே வைத்திருக்கிறோம்? சிதைந்த கோப்பை நல்ல பிரதியின் மேல் நகலெடுத்தால் இரண்டும் போச்சு. எனவே அன்பர்களே, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். செக்சம் பட்டியல் ஒன்றைத் தனியே எழுதிவைத்து, புத்தாண்டுக் கணக்கு தொடங்கும் நாளில் ஒத்துப் பாருங்கள். ஒத்துப் பார்க்காத கணக்கு, வெறும் நம்பிக்கைதான்.