மெல்ல அடித்து ஜெயித்தவர்

விம்பிள்டனில் ஜூனியர் ஒற்றையர் பட்டத்தை 1954-ல் ராமநாதன் கிருஷ்ணன் ஜெயித்தார். 25 வருஷம் கழித்து, 1979-ல், அதே பட்டத்தை அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் ஜெயித்தார். அந்த வருஷமே பாரிஸில் பிரெஞ்சு ஜூனியர் பட்டமும் அவருக்குத்தான். இரண்டு பேருக்கும் ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரே ஆள்: தாத்தா டி.கே. ராமநாதன். அப்பா விம்பிள்டனில் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் அரையிறுதி வரை போனவர். முதல் தடவை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றார். அந்த அந்த வருஷம் கோப்பையைத் தூக்கியவர்களும் அவர்களேதான். இப்படிப்பட்ட வீட்டில் 1961-ல் பிறந்த பிள்ளைமீது ஊர் எவ்வளவு எதிர்பார்ப்பை ஏற்றி வைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கல்லூரி மாணவர்களிடம் இன்று டென்னிஸ் என்றால் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி, சானியா மிர்ஸா என்று பெயர் வரும். ரமேஷ் பெயரைச் சொன்னால், விவரம் தெரிந்த ஒன்றிரண்டு பேர், "ஓ, அந்த மெதுவா சர்வீஸ் போடுறவரா?" என்கிறார்கள். அவர் ஆட்டத்தை விட்ட 1993-ல் எனக்கு நாலு வயசு. ஆகையால் நானும் அவரை நேரில் பார்த்தவன் இல்லை. பழைய ஆட்டங்களின் வீடியோவையும், அப்பாவும் சித்தப்பாவும் சாப்பாட்டு நேரத்தில் போட்ட சண்டைகளையும் வைத்துத்தான் எழுதுகிறேன். சித்தப்பா கட்சி, "அவன் சர்வீஸை நானே திருப்பி அடிப்பேன்". அப்பா கட்சி, "அடிப்பே, அடுத்த பந்து எங்க போச்சுன்னு தேடுவே". மெக்கானிக்கல் படித்தவன் என்ற முறையில் அப்பா பக்கம் இருக்கும் நியாயத்தைக் கொஞ்சம் கணக்காகச் சொல்ல ஆசை.

சர்வீஸ் மெதுவானது என்பது உண்மைதான், மழுப்ப வேண்டியதில்லை. டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போனால், காற்றையும் தரையையும் விட்டுவிட்டால், அந்தத் தூரத்தைக் கடக்க 0.43 விநாடி. நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். போரிஸ் பெக்கர் மாதிரி ஆட்கள் எதிராளிக்குக் கொடுத்த அவகாசம் இவ்வளவுதான். ரமேஷால் அப்படிக் கொடுக்க முடியாது. அவர் நேரத்தைப் பிடுங்கிய இடம் வேறு. பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, அது உச்சிக்குப் போகும் முன்னாலேயே, முன்னால் வந்து அடித்துவிடுவார். சாதாரணமாக ஒருவர் பேஸ்லைனுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நின்று அடிக்கிறார், இவர் இரண்டு மீட்டர் உள்ளே வந்து அடிக்கிறார் என்று வச்சுக்குங்க. நாலு மீட்டர் வித்தியாசம். பந்தின் வேகம் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால், வரும்போது 0.14 விநாடி மிச்சம், போகும்போது இன்னொரு 0.14. மொத்தம் ஏறக்குறைய 0.29 விநாடி. விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிற எதிராளிக்கு இது ஒன்றரை மீட்டர் தூரத்துக்குச் சமம். கோர்ட்டின் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் என்றால் பந்து எட்டுமா எட்டாதா என்பதே அதில்தான் இருக்கிறது. பந்தைப் பலமாக அடிக்காமலேயே எதிராளியை அவசரப்படுத்தும் வித்தை இது. ஆனால் கண்ணும் கையும் அபாரமாக இருந்தால்தான் நடக்கும். நம்மைப் போன்றவர்கள் முயன்றால் பந்து கோர்ட்டுக்கு வெளியே இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில்தான் விழும்.

அவர் காலத்தின் கொடுமை, ராக்கெட்டே மாறிக்கொண்டிருந்தது. அவர் ஜூனியர் பட்டம் ஜெயித்தபோது மர ராக்கெட்டுகள் நிறைய இருந்தன. சின்னத் தலை, சரியாக நடுவில் பட்டால்தான் பந்து போகும். 1976-ல் பிரின்ஸ் கம்பெனி பெரிய தலை ராக்கெட்டைக் கொண்டுவந்தது. பிறகு கிராஃபைட் வந்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம், நடுவில் படாவிட்டாலும் பந்து பறக்கும். மர ராக்கெட்டோடு ஆண்கள் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தைக் கடைசியாக ஜெயித்தவர் யானிக் நோவா, 1983 பிரெஞ்சு ஓப்பனில். மென்மையாகவும் துல்லியமாகவும் ஆட வளர்த்த பிள்ளை பெரிய மைதானத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தில், பலசாலிகளின் தவறுகளை மன்னிக்கிற கருவி சந்தைக்கு வந்துவிட்டது. அப்பா காலத்தில் பிறந்திருந்தால் என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் ரமேஷின் சாதனையை எடை போடும்போது இதை ஒரு படிக்கல்லாக வைக்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத்திலும் அவர் என்ன செய்தார்? 1981-ல் அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் ஜான் மெக்கன்ரோவிடமிருந்து முதல் செட்டைப் பறித்தார். பிறகு தோற்றார், மெக்கன்ரோதான் அந்த வருஷச் சாம்பியன். 1986-ல் விம்பிள்டன் காலிறுதி, 1987-ல் மறுபடி அமெரிக்க ஓப்பன் காலிறுதி. 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23-ம் இடம். அதற்கு மேலே போகவில்லை.

1987 டேவிஸ் கோப்பைக் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். அரையிறுதி சிட்னியில், புல் தரையில், ஆஸ்திரேலியாவோடு. விஜய் அமிர்தராஜுக்கு அப்போது 33 வயது. இந்தியா வரும், தோற்கும், போகும் என்றுதான் அங்கே நினைத்திருப்பார்கள். நாலு ஆட்டம் முடிந்தபோது 2-2. கடைசி ஆட்டம் ரமேஷுக்கும் வாலி மாஸருக்கும். புல் தரை, சொந்த ஊர் ஜனம், நல்ல சர்வீஸ் எல்லாம் மாஸர் பக்கம். ரமேஷ் நேர் செட்களில் முடித்துவிட்டார். புல்லில் பந்து தாழ்வாகச் சறுக்கிக்கொண்டு வரும். தாழ்ந்த பந்தை அரை வாலியாக எடுப்பது இவருக்குக் கைவந்த கலை. நான் மேலே போட்ட 0.29 விநாடிக் கணக்கு அன்றைக்கு மாஸருக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

இறுதி ஆட்டம் சுவீடனில், கோத்தன்பர்க்கில். கூரைக்குள்ளே களிமண் தரை போட்டு வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல தந்திரம். தங்கள் ஊரில் ஆடுகிறவர்கள் தங்களுக்கு ஏற்ற தரையைப் போடுவது விதிப்படி சரிதான். மாட்ஸ் விலாண்டர் ரமேஷைத் தோற்கடித்தார், இந்தியா 0-5 என்று தோற்றது. 1974-ல் நிறவெறிக் கொள்கையை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்து, கைக்கு எட்டிய இறுதி ஆட்டத்தை இந்தியா விட்டுக்கொடுத்திருந்தது. 1987-ல் ஆடியே தோற்றது.

இதில் ஒரு பாக்கி இருந்தது. விலாண்டர் 1988-ல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன் மூன்றையும் ஜெயித்து உலகின் முதல் இடத்துக்குப் போனார். 1989 ஜனவரியில் மெல்போர்னில், நடப்புச் சாம்பியனாக வந்து, இரண்டாவது சுற்றில் ரமேஷைச் சந்தித்தார். 6-3, 6-2, 7-6. ஜெயித்தவர் ரமேஷ். உலகின் முதல் நிலை ஆட்டக்காரரை ஒரு செட்டுகூடக் கொடுக்காமல்! இதைப் பெரிய பரபரப்பாக அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. அவர் சுபாவம் அது. கோர்ட்டில் கத்தி, ராக்கெட்டை உடைத்து, நடுவரைத் திட்டி அவர் பேர் வாங்கவில்லை. என்னைக் கேட்டால், நம்ம ஊர் அவரைச் சீக்கிரம் மறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இரட்டையர் ஆட்டத்தில் பத்தொன்பது வயது லியாண்டர் பயஸோடு சேர்ந்து காலிறுதி வரை போனார். வழியில் ஃபிட்ஸ்ஜெரால்டு - உட்பிரிட்ஜ் ஜோடியைத் தோற்கடித்தார்கள். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் வெண்கலம். அந்தப் பையன் 1996-ல் அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினான். 1993-ல் இருவரும் இருந்த அணி பிரான்ஸை அவர்கள் நாட்டுக் களிமண்ணிலேயே, ஃப்ரெஜூஸில், 3-2 என்று தோற்கடித்து டேவிஸ் கோப்பை அரையிறுதிக்குப் போனது. அந்த வருஷத்தோடு ரமேஷ் ஓய்வு பெற்றார். 1998-ல் பத்மஸ்ரீ. 2007-ல் டேவிஸ் கோப்பை அணிக்கு ஆடாத கேப்டன். அப்பாவோடு சேர்ந்து சென்னையில் டென்னிஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்.

ஒரு வேண்டுகோள். 1993-க்கு முன்னால் படித்த சீனியர்கள் யாராவது ரமேஷ் ஆடியதை நேரில் பார்த்திருந்தால், ரீயூனியன் அன்று மத்தியானச் சாப்பாட்டில் என் பக்கத்து இலையில் வந்து உட்காருங்கள். அந்த சர்வீஸ் நிஜத்தில் எவ்வளவு மெதுவாக வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சித்தப்பாவையும் அழைத்து வருகிறேன்.