நியூ சவுத் வேல்ஸ் சீன மொழித் தேர்வுகள்

நியூ சவுத் வேல்ஸ் சீன மொழித் தேர்வுகள் என்பவை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்காகச் சீன மொழியைப் பாடமாக எடுக்கும் மாணவர்கள் எழுதும் தேர்வுகள் ஆகும். இச்சான்றிதழ்த் தேர்வு 1967 இல் முதன்முதலாக நடைபெற்றது. 2017 முதல் மாநிலக் கல்வித் தர ஆணையம் இதற்குப் பொறுப்பாக உள்ளது.

சீன மொழிக்கு மட்டும் ஐந்து பாடநெறிகள் உள்ளன. எதில் சேரலாம் என்பதை மாணவரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் எம்மொழியில் கல்வி கற்றார், எங்கு வாழ்ந்தார், வீட்டில் எம்மொழி பேசுகிறார் என்பனவும் கருத்தில் கொள்ளப்படுகின்றன. எனவே சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் எளிய தேர்வைத் தாமே தெரிவு செய்ய இயலாது.

பாடநெறிகள்

* தொடக்கநிலை: சீன மொழியை முன்பு அறியாதவர்களுக்கு உரியது. 7 முதல் 10 ஆம் வகுப்பு வரை 100 மணி நேரத்துக்கு மேல் பயின்றவர்கள் சேர முடியாது.
* தொடர்நிலை: பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பயின்றவர்களுக்கு உரியது. சீனத்தைப் பயிற்று மொழியாகக் கொண்ட பள்ளியில் ஓராண்டுக்கு மேல் படித்திருக்கக் கூடாது. கடந்த 10 ஆண்டுகளில் அம்மொழி வழங்கும் நாட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. வகுப்புக்கு வெளியே, அம்மொழிப் பின்னணி உடையவர்களுடன் அதில் தொடர்ந்து உரையாடுபவராகவும் இருக்கக் கூடாது.
* விரிவாக்கம்: தொடர்நிலையுடன் கூடுதலாக எடுக்கப்படுவது.
* சூழல்சார் சீனம்: முன்னர் மரபுவழிச் சீனம் எனப்பட்டது. வீட்டில் சீனம் பேசுபவர்களுக்கு உரியது. 10 வயது நிறைவடையும் ஆண்டுக்குப் பின் சீன வழிக் கல்வி பெற்றிருக்கக் கூடாது.
* சீனமும் இலக்கியமும்: முன்னர் மொழிப் பின்னணி உடையோருக்கான பாடநெறி எனப்பட்டது. சீனாவில் நடுநிலைப் பள்ளி வரை பயின்று வந்தவர்கள் பொதுவாக இதனையே எழுதுகின்றனர்.

தெரிவில் உள்ள சிக்கல்

சிட்னியில் பிறந்து, பெற்றோருடன் சீனம் பேசி வளரும் மாணவர் சரளமாக உரையாடக் கூடும். ஆனால் செய்தித்தாளை வாசிக்கவோ கட்டுரை எழுதவோ அவர் இடர்ப்படலாம். சீன எழுத்துக்களைத் தனித்தனியே பயின்றே நினைவிற்கொள்ள வேண்டும் என்பது இதற்குக் காரணம் ஆகும். வீட்டுப் பேச்சின் காரணமாக அவருக்குத் தொடர்நிலை மறுக்கப்படும். மரபுவழிப் பாடநெறி வருமுன், சீனாவில் பல ஆண்டுகள் படித்தவர்களுடன் போட்டியிடுவதோ மொழியைக் கைவிடுவதோ மட்டுமே அவருக்கு எஞ்சியிருந்தது. சூழல்சார் சீனம் இவ்விடைவெளியை நிரப்புகின்றது.

மதிப்பெண்கள்

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசை கணக்கிடப்படும்போது ஒவ்வொரு பாடநெறியும் தனித்தனியே அளவுமாற்றம் செய்யப்படுகின்றது. அப்பாடநெறியை எடுத்த மாணவர்கள் தம் பிற பாடங்களில் பெற்ற தேர்ச்சி இதற்கு அடிப்படையாகும். ஆகவே தாய்மொழி என்பதால் உயர்ந்த தரவரிசை தானாகவே கிடைத்துவிடாது.

தமிழுடன் ஒப்பீடு

இதே சான்றிதழில் தமிழுக்குத் தொடர்நிலைப் பாடநெறி மட்டுமே உள்ளது. சீனத்தைப் போலப் பின்னணிக்கு ஏற்ற தனித்தனிப் பாடநெறிகள் தமிழுக்கு இல்லை.