கனாத்திறம்: புகாரும் வெள்ளித்திரையும்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ 1945இல் வெளிவந்தது. அதன் கனவுக்காட்சியை வடிவமைத்தவர் ஓவியர் சால்வடார் டாலி. கண்கள் தீட்டிய திரைச்சீலைகள், முகமற்ற மனிதன், அவன் கைவிடும் சிறு சக்கரம், துரத்தும் சிறகுகள் என யாவும் பார்ப்போரை மயக்குவன. சக்கரம் சுழல்துப்பாக்கியெனவும், சிறகுகள் கேப்ரியல் என்னும் வானதூதர் பெயர்கொண்ட பள்ளத்தாக்கெனவும் பின்னர்ப் பொருள் புலனாகின்றது. நினைவிழந்தோன் கண்டது நடந்து முடிந்த கொலை. பெண் மருத்துவர் அவன் கனவைச் செவிசாய்த்துக் கேட்டமையால் அவன்மேலிருந்த பழி நீங்கிற்று.

நம் காப்பிய மரபில் கனவு வருவதைச் சுட்டும். சிலப்பதிகாரக் கனாத்திறம் உரைத்த காதையில், பெரும்பதியொன்றில் ஏறிய பொய்ப்பழியையும், கோவலனுக்குற்ற தீங்கையும், அரசனோடு ஊரும் உற்ற கேட்டையும் கண்ணகி தேவந்திக்கு உரைக்கின்றாள். தேவந்தியோ முற்பிறப்பின் நோன்புக் குறையைக் காரணங்காட்டி, பொய்கையாடிக் காமவேளைத் தொழுமாறு கூறுகின்றாள். அது பெருமை தராதெனக் கண்ணகி மறுக்கின்றாள். கனவின் பொருளை மதுரையின் தீயே உரைத்தது.

இக்காதைக்கும் உரைவிளக்கம் தந்த அடியார்க்குநல்லார் கொங்குநாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர். அவரைப் புரந்தவர் பொப்பண்ண காங்கேயர். அவ்வுரை 1892இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பில் அச்சேறியது. கனவுக்குப் பொருள்காண விழைவோர் முதற்கண் கண்டவர் சொல்லைக் கேட்டல் வேண்டும் என்பதே இவ்விரு கனவுகளும் உணர்த்தும் உண்மையாகும்.