ஓலைக்கூரையும் ஓட்டுக்கூரையும்

1686-இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் பிடித்த தீ, மரவேலை மிகுந்த அக்கோயிலின் பெரும்பகுதியை அழித்தது. மூலவர் தப்பினார் என்பது வழிவழிச் செய்தி. முழுமையான திருப்பணிக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1729-இல் திருவிதாங்கூரில் அரசேற்ற மார்த்தாண்ட வர்மா காலத்தில் கருங்கல்லுக்குப் பெரிய இடம் கிடைத்தது. திருமலையில் வெட்டி எடுத்த, 20 அடிச் சதுரமும் இரண்டரை அடிக் கனமும் கொண்ட ஒற்றைக்கல் மண்டபம் அப்போது வந்ததே.

குடிமக்களின் வீடுகளோ ஓலையிலேயே நின்றன. மாசி, பங்குனி வெயிலில் கிடுகு சருகாகக் காய்ந்துவிடும். அதன் அடியிலேயே விறகடுப்பு எரியும். அடுப்புக்கு நேர் மேலே ஓலையெல்லாம் கரிப்பிசின். ஒரு பொறி பறந்து ஒட்டினால் போதும், காற்றடிக்கும் திசையில் அடுத்தடுத்த வீடுகளும் பற்றிக்கொள்ளும். கிணற்று நீரை இறைத்து வருவதற்குள் கூரை சரிந்துவிடும். அதனால் எரியும் வீட்டைவிட பக்கத்து வீட்டுக்கே ஆட்கள் முதலில் ஓடினார்கள்: அதன் ஓலையைப் பிய்த்து எறிந்தால்தான் தீ அங்கே நிற்கும்.

சுட்ட ஓடு அந்நாளிலும் கிடைத்தது. ஆனால் அரசின் அனுமதியும் அதற்கான காணிக்கைப் பணமும் இல்லாமல் சாதாரணக் குடிகள் அதை வேயக் கூடாது. ராணி கௌரி பார்வதி பாய் (1815–1829) ஆட்சியில்தான் இந்தத் தடை நீங்கியது. திருவிதாங்கூர் வரலாற்றை எழுதுவோர் இதைச் சாதி மதிப்பு பற்றிய சலுகையாகவே சொல்லிப் போகிறார்கள். தீயிலிருந்து உயிரைக் காக்கும் பொருளைக் குடிகளுக்கு மறுத்துவைத்த தடை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமய அமைப்பு மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பிறகு ஓடு பரவலாயிற்று. வாங்க முடியாதவர்களுக்கு ஓலையே தொடர்ந்தது. அந்த ஆபத்து எவ்வளவு காலம் நீடித்தது என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது.

திருவனந்தபுரத்தில் மின்விளக்கு 1929-இலும், அருவிக்கரையிலிருந்து குழாய்நீர் 1933-இலும் வந்தன. மண்ணெண்ணெய் விளக்கு குறைந்ததும், தெருவிலேயே நீர் கிடைத்ததும் தீத்தடுப்பில் பெரிய முன்னேற்றம். கேரளத்தில் காவல்துறையோடு இணைந்திருந்த தீயணைப்புப் படை, 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டித் தனித்துறையானது.

இன்றும் ஆண்டுக்கு ஒரு நாள் நகரம் முழுக்கத் திறந்த அடுப்பு எரிகிறது. மதுரையை எரித்த கண்ணகியாக வணங்கப்படும் ஆற்றுகால் பகவதிக்கு மாசிப் பூரத்தில் பொங்கல். கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டிய நெருப்பு கைமாறிக் கைமாறித் தெருக்களுக்கு வருகிறது. செங்கல் மூன்று, மேலே பானை, கீழே காய்ந்த பாளையும் ஓலையும். ஒரு முழ இடைவெளியில் அடுத்த அடுப்பு. தொங்கும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே பெண்கள் குனிகிறார்கள். தீயணைப்பு வண்டிகள் காலையிலிருந்தே ஆங்காங்கே நிற்கின்றன. பொங்கல் முடிந்ததும் மாநகராட்சி அந்தச் செங்கற்களைச் சேகரித்து, வீடில்லாத ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது.