ஸ்பூன், சால்மன், காலா: கடலூர்க் கரையின் தூண்டில் கதை

சால்மன் என்றதும் நினைவுக்கு வருவது குளிர்ந்த ஆறும், நீர்வீழ்ச்சியை எதிர்த்துத் துள்ளும் மீனும், அதைக் கவ்வக் காத்திருக்கும் கரடியும்தான். வட அட்லாண்டிக், வட பசிபிக் கடல்களுக்குச் சொந்தமான அந்த மீன் வங்கக் கடலில் கிடையாது. ஆனாலும் ஓட்டல் மெனுவில் 'இந்தியன் சால்மன்' என்று ஒரு மீன் இருக்கிறது. கடலூர் மீன் அங்காடியில் அதற்குப் பெயர் காலா. மும்பைக்காரர்கள் ராவஸ் என்பார்கள். சால்மனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பிறகு பெயர் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது?

கரண்டி தூண்டிலான கதை

கரையில் நின்று சால்மன் பிடிப்பவர்களின் முக்கியமான ஆயுதம் ஸ்பூன். பெயருக்கேற்ப இது கரண்டியின் குழிந்த பகுதி போன்ற ஓர் உலோகத் தகடு. ஒரு முனையில் நரம்பு, மறு முனையில் முள். புழு, இறால் போன்ற இரை எதுவும் தேவையில்லை. தூர எறிந்து இழுக்கும்போது, வளைந்த தகட்டின் மீது தண்ணீர் மோதி அதை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. வெளிச்சம் பட்டு மின்னுகிறது. அடிபட்டுத் தத்தளிக்கும் சின்ன மீன் என்று நினைத்துப் பெரிய மீன் பாய்ந்து கவ்வுகிறது. அவ்வளவுதான் தந்திரம்!

அமெரிக்காவைச் சேர்ந்த ஜூலியோ பியூல் 1852ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். படகில் சாப்பிடும்போது அவர் கைதவறி ஏரியில் விட்ட கரண்டியை ஒரு மீன் கவ்வியது, அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு உண்மையோ! 1905ல் இங்கிலாந்தின் இல்லிங்வொர்த், சுழலாத உருளையிலிருந்து நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். இலேசான தகட்டையும் கரையிலிருந்து வெகு தூரம் எறிய இந்த வகை ரீல்தான் வழிசெய்தது.

வெள்ளைக்காரர்களின் ஏக்கம்

கடலூரில் ஆங்கிலேயருக்குக் கோட்டை கிடைத்தது 1690ல். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கினார்கள். 1746ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சில ஆண்டுகள் இதுவே சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு ஊர் ஆற்றின் சால்மன் நினைவு போகவில்லை. பார்க்கிற மீனுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். 1873ல் வெளியான 'தி ராட் இன் இந்தியா' என்ற தூண்டில் நூலை எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாணத்தின் சிவில் அதிகாரி, தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். ஓய்வு நேரம் தூண்டிலில் போன அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு அவர் ஓர் உதாரணம்.

காலாவை அறிவியல் உலகுக்குக் காட்டியதும் சோழமண்டலக் கரைதான். பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களின் படங்களையும் விளக்கங்களையும் 1803ல் வெளியிட்டார். அதை வைத்து 1804ல் ஜார்ஜ் ஷா இதற்கு 'டெட்ராடாக்டிலம்' என்று பெயரிட்டார். 'நான்கு விரல்' என்று பொருள். மார்புத் துடுப்புக்குக் கீழே மீசை போல் தொங்கும் நான்கு இழைகளே அந்த விரல்கள். கலங்கல் தண்ணீரில் இரையைத் தடவிக் கண்டுபிடிக்க அவை உதவுகின்றன. ஓதம் ஏறும்போது இறாலையும் சிறு மீன்களையும் துரத்திக்கொண்டு காலா முகத்துவாரங்களுக்குள் நுழையும். கெடிலம், பரங்கிப்பேட்டையின் வெள்ளாறு, பிச்சாவரத்தின் கழிகள், கொள்ளிடம் என்று இந்தக் கரை முழுக்க முகத்துவாரங்கள்தான். துரத்தி வேட்டையாடும் மீன் என்பதால் மின்னும் தகட்டுக்கும் ஏமாறும். சால்மனோடு காலாவுக்குள்ள பெரிய ஒற்றுமை இதுதான்.

உண்மையான 'சால்மன்' வேறு

ஆனால் சால்மனைப் போல வாழ்கிற மீன் இங்கே இன்னொன்று உண்டு. அதுதான் உல்லம். வங்காளிகள் உயிரைவிடும் இலிஷ், அதாவது ஹில்சா. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிற மீன். காவிரியில் வெள்ளம் வரும்போது கொள்ளிடத்தில் ஏறியது. மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் மீன் என்பதால் ஸ்பூனைத் திரும்பியும் பார்க்காது. வலைதான் ஒரே வழி.

1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கட்டினார். கீழணையால்தான் வடவாற்றில் தண்ணீர் வந்து வீராணம் ஏரி நிறைகிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வயல்கள் விளைகின்றன. ஆனால் ஆற்றில் ஏறி வந்த உல்லம் அணையில் முட்டி நின்றது. தாண்ட வழியில்லாமல் கூட்டமாக நின்ற மீன்களை அள்ளுவது எளிதாயிற்று. 1873ல் பிரான்சிஸ் டே, இந்தியாவின் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையில் அணைகள் செய்யும் இந்தக் கேட்டைச் சுட்டிக்காட்டி, மீன்கள் ஏற வழி வைக்கச் சொன்னார். 1909 வாக்கில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் வில்சன், கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்க வைக்க முயன்றார். முட்டை பொரித்தாலும் ஆற்றின் பாதை திறக்கவில்லையே! 1934ல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளத்தின் போக்கே மாறிவிட்டது.

இது கொள்ளிடத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றில் 1798ல் எழுந்த ஓர் அணை, அங்கிருந்த சால்மனை அழித்தது. அதே அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தபோது சால்மன் திரும்பி வந்தது. கீழணையை யாரும் இடிக்கச் சொல்ல முடியாது. அதை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நெல் விளைவிக்கின்றன. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் சென்னைக்கும் போகிறது. சோறும் மீனும் சேர்ந்தே இருக்கும் தட்டில், சோற்றுக்காக ஒரு மீனை இழந்தோம் என்பதே உண்மை. அந்தக் கணக்கை அன்று போட்டவர்கள், ஆற்றில் வலை வீசியவர்களிடம் கேட்டுப் போடவில்லை.

மிஞ்சியது முகத்துவாரம்

காலா தப்பியதற்குக் காரணம், முட்டையிட அதற்கு மேல் ஆறு தேவையில்லை. கடலோரமும் முகத்துவாரமும் கழியும் போதும். ஆனால் அந்த முகத்துவாரம் உயிரோடு இருக்க ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் குறைந்தால் மணல் மூடும், கழிவு தேங்கும். ஸ்பூனை எவ்வளவு தூரம் எறிந்தாலும், துரத்தி வர இறாலும் மடவையும் இல்லாத கழிக்குள் காலா வராது. வீச்சு வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பரங்கிப்பேட்டை மீனவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.