நானுஓயாக் குளிரும் மோட்டார் வண்டியின் குளிரூட்டியும்

கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1600 மீற்றர் உயரத்தில், தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்த நானுஓயாவிற்குப் புகையிரதம் 1885ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. முந்திய ஆண்டில் அட்டனை எட்டிய பாதை அது. 1893இல் அப்புத்தளைக்கு நீளும்வரை நானுஓயாவே அப்பாதையின் எல்லையாக இருந்தது. 1903இல் இங்கிருந்து நுவரெலியாவிற்கும், அடுத்த ஆண்டில் இராகலைக்கும் ஒடுங்கிய பாதையொன்றும் ஓடத் தொடங்கிற்று. அவ்வண்டிகளை ஓட்டியோரும் பழுது பார்த்தோரும் நாள்தோறும் பொருத வேண்டியிருந்த ஓர் இடர், நீராவி உருளையினின்று வெளிவரும் தண்டைச் சுற்றி ஏற்பட்ட கசிவாகும். அடைப்புத் திணிக்கப்பட்ட அவ்வாய் தளர்ந்தால் ஆவி வீணாகும். இறுகினால் தண்டு தேயும். மூடிய கலமொன்றின் சுவரை அசையும் தண்டு துளைத்துச் செல்லுமாயின், அத்துளையே அக்கலத்தின் வலுவற்ற இடமாகும்.

இன்றைய மோட்டார் வண்டியின் குளிரூட்டியிலும் நிலைமை இதுவே. கராஜ்களிற் கொம்பிறஷர் என வழங்கும் அமுக்கி, வண்டிப் பொறியின் வார்ப்பட்டியாற் சுழல்கின்றது. ஆதலால் அதன் தண்டு வெளியே நீண்டேயாக வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு இவ்விடர் இல்லை. அதில் மின்மோட்டாரையும் அமுக்கியையும் ஒரே ஓட்டினுள் வைத்து ஒட்டிவிடுவர். வண்டியில் அவ்வாறு செய்ய இயலாமையால், தண்டின் வாயில் மெல்லிய சீல் ஒன்று, எண்ணெய்ப் படலத்தின் துணையோடு, வாயுவைக் காத்து நிற்கின்றது.

இவ்வடைப்பின் வரலாறு உயிர்ச்சேதத்தோடு தொடர்புடையது. தொடக்கக் காலக் குளிர்சாதனங்களில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயிற்குளோரைட்டு என்னும் நச்சு வாயுக்களே பயன்பட்டன. 1920களிற் பேர்லின் நகரிற் குடும்பமொன்று, பழுதடைந்த அடைப்பினூடே கசிந்த நச்சுவாயுவால் உறக்கத்தில் மாண்டதைச் செய்தித்தாளிற் கண்ட அல்பேட் ஐன்ஸ்டைன், லியோ சிலார்ட் என்பாரோடு சேர்ந்து, அசையும் உறுப்பே இல்லாத குளிர்சாதனங்களை வகுத்து உரிமைப் பத்திரங்கள் பெற்றார். அசையும் தண்டே குற்றவாளி என்பதை அவ்விரு பேரறிஞரும் கண்டனர். ஆயினும் உலகம் வேறு வழியிற் சென்றது. 1928இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் குழுவினரும், நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான குளோரோபுளோரோகாபன் வாயுவைக் குளிர்சாதனத்திற்குரியதெனக் கண்டறிந்தனர். 1930இல் மிட்ஜ்லி அவ்வாயுவை மூச்சில் இழுத்து, மெழுகுதிரிச் சுடரின்மேல் ஊதி அதனை அணைத்துக் காட்டினார். பின்னர் ஆர் 12 எனப் பெயர் பெற்ற அவ்வாயு வந்தமையாலேயே மோட்டார் வண்டியிற் குளிரூட்டி வைப்பது எளிதாயிற்று. பக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டிற்குரிய தன் வண்டிகளில் அதனை விற்பனைக்கு வைத்தது.

ஆனால் நஞ்சு நீங்கியதோடு அச்சமும் நீங்கிற்று என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். கொல்லும் வாயு கசிந்தபோது அன்றே திருத்தினர். மணமும் தீங்கும் அற்ற வாயு கசிந்தபோது, திருத்துவதைவிட மீண்டும் நிரப்புவது மலிவாகத் தோன்றிற்று. ஆண்டுக்கு ஒருமுறை ‘காஸ் அடிப்பது’ எங்கும் வழக்கமாயிற்று. கசிவு வண்டியின் இயல்பெனவே கொள்ளப்பட்டது. 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர், அவ்வாறு வெளியேறும் வாயு மேல்வளிமண்டலத்தின் ஓசோன் படையை அழிக்குமென எழுதினர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் மிகவும் குன்றியமை வெளிப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை 1989 திசெம்பரில் அதில் இணைந்தது. 1990களிற் புதிய வண்டிகள் ஆர் 134ஏ வாயுவிற்கு மாறின. அது ஓசோனைத் தீண்டாது. எனினும் நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேலாகப் புவியைச் சூடாக்க வல்லது. 2016இன் கிகாலித் திருத்தம் அதனையும் படிப்படியாகக் குறைக்கப் பணித்தது. வாயுவை மாற்றுவதிற் காட்டிய ஊக்கத்தை அடைப்பைப் பேணுவதிற் காட்டியிருப்பின், இவ்வளவு தீங்கு நேர்ந்திராது என்பது மிகையன்று.

இலங்கையில் இவ்விடயம் தனிக் கவனத்திற்குரியது. 1977இற்குப் பின் இறக்குமதி தளர்ந்தபோது குளிரூட்டி பொருந்திய யப்பானிய வண்டிகள் பெருகி வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெரிதும் தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளைப் பேணியே தீர வேண்டியதாயிற்று. அவற்றுள் மலைநாட்டில் ஓடுபவற்றிற்கு ஒரு வியப்பான நோய் உண்டு. நானுஓயாவிற் குளிரூட்டியை யார் போடுவார்? மாதக்கணக்கில் அது உறங்கும். உறங்கும் அமுக்கியில் எண்ணெய் அடியில் தங்க, தண்டின் வாயிலுள்ள படலம் வறண்டுவிடும்; வறண்ட சீல் கசியும். தேய்வாலன்றி ஓய்வாற் கெடுவதே இதன் விந்தை. பின்னர் அவ்வண்டி கொழும்பிற்கு இறங்கும் நாளிலேயே உரிமையாளர் குறையை உணர்வார்.

நோயறியும் முறையையும் உயரமும் குளிரும் குழப்பும். கலத்தினுள் வாயு ஓரளவு திரவமாக நிற்கும்வரை அதன் அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று. நிறுத்தி வைத்த வண்டியிற் கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் மானி சதுர அங்குலத்திற்கு 95 இறாத்தலளவு காட்டுமாயின், நானுஓயாவின் 15 பாகையில் அதே வண்டி 60 இறாத்தலளவே காட்டும். இதனை வாயுக் குறைவெனக் கருதி மேலும் நிரப்புவது அமுக்கிக்குக் கேடு. கசிவின் சிறந்த சான்று எண்ணெய்க் கறையே. வாயுவோடு எண்ணெயும் வெளிவருமாதலால், கிளச்சின் பின்புறத்தும் அமுக்கியின் அடியிலும் புழுதி படிந்த ஈரம் காணப்படும். அதனைத் துடைத்துச் சிலநாள் ஓட்டிப் பின் நோக்கல் வேண்டும். சவர்க்கார நுரை பெருங்கசிவையே காட்டும். பழைய கராஜ்களில் வழங்கிய விளக்கில், குளோரீன் உள்ள ஆர் 12 பட்டவுடன் சுடர் பச்சையாகும். ஆர் 134ஏ வாயுவிற் குளோரீன் இல்லாமையால் அவ்விளக்கு வாய் திறவாது. இக்காலத்தில் மின்னணுக் கருவியும், ஊதாக்கடந்த ஒளியில் மின்னும் சாயமும் உதவுகின்றன. வாயு காற்றினும் பாரமாதலின் கருவியை அமுக்கியின் கீழ்ப்புறத்திற் பிடித்தல் வேண்டும். கலம் வெறுமையாயின் உலர்ந்த நைதரசனை ஏற்றிச் சோதிப்பதே தக்கது. ஒட்சிசனை ஏற்றினால், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

சீலை மாற்றுவது நுட்பமான வேலை. எஞ்சிய வாயுவைக் கருவியால் மீட்டெடுத்து, அமுக்கியைக் கழற்றி, அதிலிருந்து வடியும் எண்ணெயை அளந்து வைத்துக்கொள்வர். கிளச்சுத் தட்டை இழுவையாற் பிரித்து, பூட்டு வளையத்தை நீக்கியதும் பழைய சீல் வெளிவரும். தண்டின் மேற்பரப்பிற் கீறல் இருக்குமாயின் புதிய சீல் நில்லாது. புதியதை எண்ணெயில் நனைத்து, தண்டின் விளிம்பு கிழிக்காதவாறு மெல்லுறையொன்றின்மேல் வழுக்கிச் செலுத்துவர். பழைய வகைகளிலுள்ள கரிவளையத்தின் முகத்தை விரலால் தொடலாகாது. ஆர் 12 காலத்துக் கனிய எண்ணெய் ஆர் 134ஏ வாயுவோடு கலவாதாதலால், வாயு மாறிய வண்டியில் எண்ணெயும் மாறல் வேண்டும். ஈரமுறிஞ்சும் குப்பியையும் புதிதாக இடுவர்.

அடுத்து வெற்றிடமாக்கல். இங்கேதான் நானுஓயா பலரை ஏமாற்றும். மானி காட்டுவது வெளிவளிக்கும் உள்ளிடத்திற்கும் உள்ள வேற்றுமையே. கொழும்பில் முழு வெற்றிடம் இரச அளவில் 30 அங்குலத்தை அண்மிக்கும். நானுஓயாவில் வளியமுக்கமே சுமார் 25 அங்குலமாதலால், முள் அதற்கப்பாற் செல்லாது. கீழ்நாட்டுக் கணக்கோடு வந்த மெக்கானிக் ஒருவர், முள் 25இல் நின்றதைக் கசிவெனக் கொண்டு நல்ல சீலைக் கழற்றிவிடக் கூடும். மறுபுறம், 23 போதுமென விட்டால் ஈரம் உள்ளே தங்கும். எஞ்சிய அந்த அமுக்கத்தில் நீர் கொதிக்க 35 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். 15 பாகையில் அது ஆவியாக, உள்ளமுக்கம் இரசத்தின் அரை அங்குலத்திலும் தாழவேண்டும். எனவே வண்டிப் பொறியை ஓடவிட்டு முன்புறத்தைச் சூடாக்கியபின் பம்பை நெடுநேரம் இயக்குவது நன்று. சில சீல்கள் உள்ளிருந்து வரும் அமுக்கத்தைத் தாங்குமாயினும், வெற்றிடத்தில் வெளிவளியை உள்ளே விடும். அதனால் முள் சிறிது பின்வாங்கியதை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் ஆகாது. நைதரசச் சோதனையே முடிவானது.

இறுதியில் வாயுவை மானியால் அன்றி, தராசில் நிறுத்தே நிரப்பல் வேண்டும். உரிய நிறை வண்டியின் முன்மூடியின் கீழுள்ள சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அதன்பின் வாரந்தோறும் பத்து நிமிடம் குளிரூட்டியை இயக்கினால் தண்டின் வாயில் எண்ணெய் வறளாது. மூடுபனி இறங்கும் மாலையில், கண்ணாடியின் உட்புறத்துப் படியும் ஈரத்தை அகற்றவும் அதே இயக்கம் பயன்படும். வெப்பக் குழாயையும் உடன் திறந்துவிட்டால் குளிரும் தோன்றாது.